தரையில் கவிழ்த்த டம்ளர்

என் சமையலறையின் மேல்தட்டில் யாரும் காப்பி குடிக்காத ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. விளிம்பு சுற்றிலும் சப்பிப்போய், வாய் வட்டமாகவே இல்லை. பழைய பாத்திரம் எடுப்பவர்கூட அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அது என் பெரியப்பா மகளுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எனக்கு அக்கா. பதினோரு வயதில் இந்த டம்ளரைத் தரையில் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்து நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தவள். அவளைப் பேய் பிடித்தவள் என்று சொன்னவர்களில் பலர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவும்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது மனம் சுருக்கென்றால், நல்லது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் தொழிலாளர் வீடுகளின் ஒரே லைனில், ஒரே தகரக் கூரையின் கீழ், நடுவில் ஒரு தட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. பெரியம்மா ரசம் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். என் அப்பாவுக்கு மேலே, தங்கக் கல்லை அரைக்கும் மில்லில் வேலை. பெரியப்பாவுக்குச் சுரங்கத்துக்குள், அண்டர்கிரவுண்டில். எங்கள் கால்களுக்குக் கீழே மனிதர்கள் வேலை செய்கிறார்கள் என்பது எங்களுக்கு அதிசயமே இல்லை. சில நாட்களில் தரை ஒரு குலுக்குக் குலுக்கும். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். கூரையிலிருந்து துரு உதிரும். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதுதான் அது. ஏர் பிளாஸ்ட் என்போம். தரை ஆடினால் வேறு ஊர்க்காரர்கள் வெளியே ஓடுவார்கள். எங்கள் பெண்கள் ஓட மாட்டார்கள். நின்ற இடத்திலேயே நின்று, இது யாருடைய ஷிப்டு என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பார்கள்.

அன்று காலை ஆடியபோது அது பெரியப்பாவின் ஷிப்டு. அவரோடு இருந்தவர்கள் எல்லாரும் மத்தியானத்துக்குள் மேலே வந்துவிட்டார்கள். அவர் மட்டும் வரவில்லை. அவர் நின்ற பக்கம் முழுக்கப் பாறை சரிந்து மூடியிருந்தது. தேடப் போன கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் லைனின் கடைசி வீட்டுக்காரர், டிம்பர்மேன். உள்ளே மரத்தூண் நிறுத்தி மேற்பாறையைத் தாங்க வைப்பது அவர் வேலை. எங்களுக்கெல்லாம் அவர் மாமா. மூன்று நாள் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் டிம்பர்மேன் மாமா வந்து என் அப்பாவிடம் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். இனி ஆட்களைக் கட்டாயப்படுத்தி அனுப்ப முடியாதாம். தானாக இறங்க ஆள் கிடைத்தால் இன்னும் இரண்டு ஷிப்டு தேடலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தைச் சுவர் கட்டி மூடிவிடுவார்கள். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை பெரியம்மா எழுந்து பார்த்தபோது அக்கா வீட்டின் நடுவில் குப்புறப் படுத்திருந்தாள். கூந்தல் அவிழ்ந்து தரையெல்லாம் பரவிக் கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. காதுக்குக் கீழே கவிழ்த்த டம்ளர். பெரியம்மா தொட்டு உலுக்கினாள். அக்கா விரலை உதட்டில் வைத்து, "சத்தம் போடாத. நைனா தட்டறாரு" என்றாள்.

அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்கு லைன் முழுக்கக் கூடிவிட்டது. வாசலில் நின்ற பெண்கள் உள்ளே கால் வைக்கவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்தபோது டம்ளரின் அடி பதிந்து கன்னத்தில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதைப் பார்த்து ஒருத்தி மார்பில் கையை வைத்துக்கொண்டாள். அது பேத்தமங்களா ஏரியிலிருந்து வரும் தண்ணீர் குழாயில் ஏறும் சத்தம் என்று ஒரு கிழவர் சொல்லிப் பார்த்தார். அன்று தண்ணீர் வராத நாள். பிறகு யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு வயது ஒன்பது. அவள் சோறு வேண்டாம் என்றாள், தலை வாரிக்கொள்ள மாட்டேன் என்றாள், பெரியம்மா டம்ளரைப் பிடுங்கி ஒளித்தால் எங்கள் வீட்டு டம்ளரை எடுத்து வந்து படுத்தாள். ஒவ்வொரு தடவை எழும்போதும் அந்தச் சிவப்பு வட்டம். எனக்கு உண்மையிலேயே அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. என்னோடு பாண்டி ஆடியவளின் முகத்தை யாரோ மாற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று மத்தியானமே பெரியவர்கள் கூடி, பேத்தமங்களா பக்கத்திலிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். நல்ல உச்சி வெயில். அக்காவை மணையில் உட்கார வைத்து எதிரில் எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டு, உடுக்கையை அடித்து, வேப்பிலையால் தோளில் இரண்டு அடி வைத்து, யார் நீ என்று அதட்டினார். இப்படிக் கேட்டால் பேய் தன் பெயரைச் சொல்லும், சொன்னால் விரட்டிவிடலாம் என்பது கணக்கு. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளியில் ஆஜர் சொல்வதுபோலத் தன் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு சொன்னாள். ஆறாம் வகுப்பு, பி செக்சன் என்றாள். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டதற்கு எங்கள் லைனின் பெயரையும் வீட்டு நம்பரையும் சொன்னாள். வாசலில் யாரோ சிரித்து அடக்கினார்கள். பூசாரிக்குக் கோபம் வந்து இன்னும் இரண்டு அடி விழுந்தது.

"உங்கப்பன்தானே உன் மேல வந்திருக்கான்? ஒத்துக்கோ."

"செத்தவங்கதான் மேல வருவாங்க. எங்க நைனா சாவல. உள்ள கீறாரு."

"எப்ப எறங்குவ நீ?"

"நைனா ஏறுனதும் எறங்கறேன்."

உடுக்கை நின்றுவிட்டது. பெரியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பூசாரி கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு என் அப்பாவிடம் திரும்பி, "இது பேய் இல்லீங்க, பிடிவாதம். இதுக்கு எங்கிட்ட மருந்து கெடையாது" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் பார்த்த மந்திரவாதிகளில் நேர்மையானவர் அவர் ஒருவர்தான். ஆனால் லைனில் யாரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பூசாரியாலேயே முடியவில்லை, அவ்வளவு பெரிய பேய் என்று பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். எங்கள் லைனுக்குப் பின்னால் சயனைடு மேடு. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலையாகக் குவிந்திருக்கும். காற்றடித்தால் மாவுபோலப் பறந்து பல்லில் நறநறக்கும். அதன் அடியில் உட்கார வைத்தாள். தோளில் வேப்பிலை அடித்த கோடுகள் தடித்திருந்தன. நான் அழுதுகொண்டே கேட்டேன், "நெசமாவே பெரியப்பா தட்டறாரா?"

"ஒண்ணும் கேக்கலடீ" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

"ஒரு சத்தமும் கேக்கல. காத வெச்சா ஓன்னு கீது, அவ்ளோதான். கேக்கலன்னு சொன்னா செவுரு கட்டிடுவாங்க. எங்க நைனாவ உள்ள வுட்டுட்டு செவுரு கட்டுவாங்களா? கட்டிடுவாங்களா அவுங்க?"

பதினோரு வயதுப் பெண். மூன்று நாளாகச் சாப்பிடாமல், சாப்பிடாததாலேயே கண் உள்ளே போய், அந்தக் கண்ணையும் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு உள்ளே இருந்த வெறி பொய் இல்லை. ஆனால் அது பேயின் வெறி இல்லை, அவளுடையது. இதை இன்று எழுதுவது சுலபம். அன்று எனக்குப் பேயைவிட இது அதிகப் பயமாக இருந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான். நீயும் கேட்டேன் என்று சொல். அதற்குக் காரணம் இருந்தது. தேடப் போகிறவர்களிடையே எங்கும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. பிணத்தைத் தேடி இறங்கு என்று யாரிடமும் சொல்லக்கூடாது. ஆனால் உயிரோடு இருக்கிறவன் தட்டினால் யாரும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. சிக்கிக்கொண்டவன் குழாயிலோ பாறையிலோ தட்டிக்கொண்டிருப்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவன் மட்டும் கேட்டேன் என்றால் அது காதின் மயக்கம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே எண்ணிக்கையைச் சொன்னால் அது ஆள். அதற்கு மேல் பேச்சே கிடையாது. இந்த வழக்கம் உள்ளே இருப்பவர்களின் காதுக்காக ஏற்பட்டது. எங்கள் தரைக்கும் பெரியப்பா நின்ற லெவலுக்கும் நடுவே ஒன்றரை மைல் பாறை. அதைத் தாண்டி ஒரு மனிதன் தட்டுவது டம்ளரில் கேட்குமா என்று அக்கா யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டுத்தான் செய்தாளோ என்னவோ.

நான் முடியாது என்றேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பதை முழுசாக நம்பிய வயது. அவள் கெஞ்சவில்லை, கிள்ளவும் இல்லை. எழுந்து பாவாடையில் ஒட்டிய வெள்ளை மண்ணைத் தட்டிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். டம்ளர் தரையில் உட்காரும் சத்தம் தட்டிச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

ஐந்தாம் நாள் காலை டிம்பர்மேன் மாமா வந்தார். கூட இரண்டு பேர். மூன்று பேரும் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். சுவருக்குச் செங்கல் இறக்கிவிட்டதாக அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் அக்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இன்னாம்மா கேக்குது, எப்படிக் கேக்குது, தட்டிக் காட்டு" என்றார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவள் என்ன தட்டினாள் என்று வெளியே நின்ற எங்களுக்குத் தெரியாது. கதவு திறந்தது. வேறு யாராவது கேட்டார்களா என்று அவர் பொதுவாகக் கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டவில்லை. சும்மா பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

"நானும் கேட்டேன்" என்றேன்.

என் அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். டிம்பர்மேன் மாமா அவளைத் தடுத்து, என்னைத் தெருக் குழாய் வரைக்கும் அழைத்துக்கொண்டு போனார். எங்களைச் சுற்றி வரிசையாகக் காலிக் குடங்கள். அவர் ஒரு சின்னக் கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். "இந்தக் கொழாய்ல தட்டு. எப்படிக் கேட்டியோ அப்படியே."

அக்கா என்னிடம் எண்ணிக்கை எதுவும் சொல்லித் தரவில்லை. நான்தான் முடியாது என்று சொல்லிவிட்டேனே. தப்பாகத் தட்டினால் சுவர். சரியானது எது என்று யாருக்குத் தெரியும்? அப்போது எனக்கு எங்கள் கேஜ் ஆட்டம் ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். லைனில் பிள்ளைகள் ஒரு சதுரம் கிழித்து, அதற்குள் நெருக்கி நின்று, ஒருத்தி தண்டவாளத் துண்டில் மணி அடிக்க, ஏறுவதும் இறங்குவதுமாக ஆடுவோம். ஒரு மணி என்றால் நில். மூன்று மணி என்றால் ஆள் ஏறுகிறான். நான் குழாயில் மூன்று தடவை தட்டினேன். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மூன்று.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம். பிறகு எழுந்து தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கூட வந்தவர்களிடம், "ரெண்டு காதும் ஒண்ணா சொல்லுது. மூணு. கெளம்புங்க" என்றார். அவர்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் பெரியப்பாவை மேலே கொண்டுவந்தார்கள். பாறை சரிந்த அந்த நொடியிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு நிமிடம்கூட அவர் கஷ்டப்பட்டிருக்க மாட்டாராம். அந்தத் தேடலில் ஒரு தூண் நழுவி டிம்பர்மேன் மாமாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அவர் கட்டுப் போட்ட கையோடு வந்து பெரியப்பாவுக்குத் தோள் கொடுத்தார். அக்கா அழவில்லை. அந்தக் கையின் கட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடை கிளம்பிய பிறகு எழுந்துபோய்த் தலை வாரிக்கொண்டு, பெரியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொன்ன சொல்லுக்கு, நைனா ஏறியதும் இறங்கிவிட்டாள்.

ஆனால் லைன் கணக்குப் போட ஆரம்பித்தது. முதல் நாளே செத்தவர் ஐந்தாம் நாள் எப்படித் தட்டினார்? அப்படியென்றால் தட்டியது எது? அதைக் கேட்ட காது எப்படிப்பட்ட காது? என்னைச் சின்னப்பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். கையில் ஒரு கறுப்புக் கயிறோடு முடிந்தது. அவளை விடவில்லை. பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அம்மா வந்து மகளை இடம் மாற்றிக்கொண்டு போனாள். கேஜ் ஆட்டத்தில் அவள் சதுரத்துக்குள் வந்தால் மற்றவர்கள் வெளியே வந்தார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் ஒரு ஜாண் தள்ளிப் போகும். பிள்ளை பயந்து அழுதால் அவள் எதிரே வந்துவிட்டாள் என்பார்கள். இவர்கள் எல்லாரும் அவள் அப்பாவின் பிணத்துக்கு மாலை போட்டவர்கள்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நான் ஒருநாள் சொன்னேன். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். "வெரல் போன மனுசன்கிட்ட போயி, சும்மா சொன்னோம் மாமான்னு சொல்லச் சொல்றியா? புள்ளைங்க பேச்ச நம்பி ஆளை எறக்குனாருன்னு அவுரு வேலைய புடுங்கிக்கினா? பேயின்னா பேய்தான். இருந்துட்டுப் போறேன் போ." அதற்குப் பிறகு அவள் குழாயடியில் வரிசையில் நிற்பதையே விட்டுவிட்டாள். நேராகப் போய்க் குடத்தை வைப்பாள். எல்லாரும் ஒதுங்குவார்கள். பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வருவாள். பேய்க்குக் கிடைக்கும் மரியாதையை ஏன் விடுவது என்று என்னிடம் கண் அடிப்பாள்.

நான் எழுதத் தயங்கியது இனிமேல் வருவதுதான். அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ஒருநாள் பள்ளிவிட்டு வந்து இரண்டு பேரும் பாடம் எழுதிக்கொண்டிருந்தோம். அவள் பென்சில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. "இப்ப நெசமாவே கேக்குதுடீ" என்றாள். மூன்று. கொஞ்சம் நிறுத்தி, மூன்று. பல நாளாகக் கேட்கிறதாம். வகுப்பில், சாப்பிடும்போது, தலைக்குக் குளிக்கும்போது. பஞ்சு வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறதாம். இல்லாததைக் கேட்கிறேன் என்று இரண்டு நாள் சொன்னதற்கு, அது வந்து சேர்ந்துவிட்டது. வீட்டில் சொல்வோம் என்றேன். திரும்பவும் வேப்பிலை அடி வாங்கவா என்றாள். பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய கோபம் ஏறியது. எழுந்துபோய் அந்த டம்ளரை எடுத்து வந்து, தரையில் வாய்ப்பக்கம் படும்படி ஓங்கி ஒரே ஒரு தடவை அடித்தாள். ஒரு மணி. நில்.

"நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"நின்னுச்சு" என்றாள். பிறகு பென்சிலை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

அது நின்றே போய்விடவில்லை. வரும், அவள் அடிப்பாள், நிற்கும். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் ஒரு வாரம். விளிம்பு சப்பியது அப்படித்தான். பெரியம்மா அதைப் பிடிவாதக்காரப் பெண்ணின் முரட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா டம்ளரை அடித்துக்கொண்டே பத்தாவது பாஸ் செய்தாள், பன்னிரண்டாவது பாஸ் செய்தாள், பெங்களூரில் தையல் கம்பெனியில் வேலை வாங்கினாள். விடிகாலை ரயிலில் போய் இருட்டும்போது திரும்புவாள். ஸ்கெலட்டன் என்னும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு வரன் வந்தது. குழாயடியில் யாரோ பேய்க்கதையை அவர்கள் காதில் ஓதினார்கள். வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்துபோனார்கள். "நல்லதாப் போச்சு. பயந்தவனைக் கட்டிக்கினு இன்னா பண்றது" என்று அவர்கள் வைத்துவிட்டுப் போன காப்பியை அவளே எடுத்துக் குடித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். எங்களுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்த சங்கு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு டிம்பர்மேன் மாமா வீட்டுக்குப் போனாள். இனி அவர் வேலையை யாரும் பிடுங்க முடியாது, அதனால் சொல்லிவிடலாம் என்பது அவள் எண்ணம். அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று விரல் கையால் திருப்புளியைப் பிடிக்கப் பழகியிருந்தார். அக்கா நின்றபடியே சொன்னாள்.

"மாமா, அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்குமே ஒண்ணும் கேக்கல. நாங்க பொய் சொன்னோம்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"என் வூட்லயும் மூணு பொண்ணுங்க. கேஜ் ஆட்டம் ஆடாத புள்ள இந்த லைன்ல ஏது? எதைத் தட்டச் சொன்னாலும் மூணுதான் தட்டுவீங்க."

"தெரிஞ்சிகினே ஏன் எறங்குனீங்க?"

"அவனை உள்ள வுட்டுட்டு செவுரு கட்ட எனக்கு மனசு வரல. தனியா எறங்க முடியாது. ஆளுங்க வரணும்னா ஒரு சாக்கு வேணும். நீங்க குடுத்தீங்க."

நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் என் மேல் இருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. அக்காவும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. குரல் ஏறவும் இல்லை.

"உங்க வெரலுக்காக நான் எட்டு வருசம் வாயத் தெறக்கல மாமா. லைன் மொத்தம் என்னைப் பேயின்னுச்சு. கேட்டுகினு இருந்தேன். நீங்க யாருக்காகத் தெறக்கல?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். கூட இறங்கியவர்கள், பொய்யென்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நல்ல மனிதர். உயிரைப் பணயம் வைத்து என் பெரியப்பாவைத் தூக்கி வந்தவர். ஆனாலும் ஒரு பாறைக்கு அஞ்சாதவர், குழாயடிப் பேச்சுக்கு அஞ்சி ஒரு பெண்ணை எட்டு வருஷம் தனியாக விட்டுவிட்டார். இரண்டும் அவர்தான். எனக்கு அவர்மேல் இன்றும் மரியாதை உண்டு, கோபமும் உண்டு. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் தண்ணீர் வந்த நேரத்தில் அவர் குழாயடிக்கு வந்தார். ஆண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. குடங்களுக்கு நடுவில் நின்று, எல்லாரும் பார்க்க அந்தக் கையைத் தூக்கிக்காட்டி, "அந்தப் புள்ளைக்கு அன்னிக்கு ஒண்ணும் கேக்கல. எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஆளை எறக்குனது நானு. பேயின்னு யாருனா சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க" என்றார். ஒருத்தி, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று முனகினாள். அக்கா தன் குடம் நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவருக்கு நன்றி சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அன்றைக்கு அவள் வரிசையில் நின்று பிடித்தாள் என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

லைனில் பாதி வீடுகள் இன்று காலி. நானும் கல்யாணமாகிப் பெங்களூர் வந்துவிட்டேன். அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள், அதே தரையின் மேல். இப்போது கம்பெனியில் சூப்பர்வைசர். இன்றும் ரயிலில்தான் போய் வருகிறாள். பெரியம்மா இருக்கும்வரை கூட இருந்தாள். வேறு இடம் பார்க்கலாமே என்று நான் சொன்னால், நான் ஏன் போகணும் என்பாள்.

என் மகள் பிறந்த ஆறாம் மாதம் எனக்கும் கேட்டது. மூன்று. நிறுத்தி, மூன்று. இரண்டாவது காது நான்தானே. பொய்யில் பாதி என்னுடையதுதானே. அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பையில் இந்த டம்ளரோடு வந்து நின்றாள். எனக்கு இனி வேண்டாம், உள்ளங்கையாலேயே அடித்துக்கொள்கிறேன், நீ வைத்துக்கொள் என்றாள்.

இதை எழுத உட்காருவதற்கு முன் இன்று காலையும் கேட்டது. எதிரே கட்டட வேலை நடக்கிறது. அந்தச் சத்தம்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்ளவில்லை. மேல்தட்டிலிருந்து டம்ளரை எடுத்துத் தரையில் ஓங்கி ஒரு தடவை அடித்தேன். விளிம்பில் புதிதாக ஒரு சப்பல் விழுந்தது. பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். ரயிலில் இருந்தாள், பின்னால் சக்கரச் சத்தம்.

"இப்ப நின்னுச்சு" என்றேன்.

"நிக்காம இன்னா பண்ணும்?" என்றாள்.